அந்த நாற்பது பேருக்கு யார் அரிசி தருவது?

(ஏற்காட்டில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடிவாரத்திலிருந்து இங்கே வர இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. அந்தப் பலகையை நட்ட நெடுஞ்சாலைத் துறை நாளைக்கே இல்லாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துறை மட்டுமல்ல, கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், ரேஷன் கடை, மின்வாரியம் எதுவுமே இல்லை. ஒரு போர் நடந்து ஓய்ந்திருக்கிறது. கீழே சேலத்தில் ஒரு அரசு, தர்மபுரிப் பக்கம் இன்னொரு அரசு. நடுவில் இந்த மலையை இரண்டு பேரும் ‘நுழையக் கூடாது’ என்று அறிவித்துவிட்டுக் கைகழுவி விட்டார்கள். ஆனால் மலையில் ஆட்கள் இருக்கிறார்கள். இப்போது ஒன்பதாவது வளைவில் யார் நிற்பார்? உங்கள் வண்டியை நிறுத்தி என்ன கேட்பார்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணி நேரம் விளையாடுகிறவன் நான். அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பேரன் வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வருவார்கள். என் மனைவி இதைப் ‘பைத்தியக்காரர் சபை’ என்பாள். ஆனாலும் டீ வந்துவிடும்.

விளையாட்டு இதுதான். ஒரு மேசை. ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவன் லாரி கிளீனர், ஒருத்தி நர்ஸ், இன்னொருவன் ஓடிப்போன சிப்பாய். கதையை நடத்துகிறவர் ஒருவர் உண்டு. அவர் இடத்தையும் நிலைமையையும் சொல்வார். ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று ஆடுகிறவர்கள் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவோம். அமெரிக்காவில் 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று இதை அச்சிட்டு விற்றார்கள். கூத்துப் பார்த்தவர்களுக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். கட்டியங்காரன் ஒருவன் நிற்கிறான், வேஷம் கட்டியவர்கள் வருகிறார்கள். கூத்தில் அபிமன்யு செத்தே ஆக வேண்டும். இங்கே அபிமன்யு கோட்டைக்குள் நுழையாமல் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டால் கட்டியங்காரன்தான் முழிக்க வேண்டும்.

அப்படி நான் முழித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலையை வைத்து நான் முதலில் செய்த உலகத்தில் ஒரு கொள்ளைக்காரத் தலைவன் இருந்தான். பயங்கரமான ஆள். கையில் நாற்பது பேர், நாற்பது துப்பாக்கி. அவனுக்கு ஒரு கண் இல்லை என்றுகூட எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் அவனைக் கொன்றுவிட்டார்கள். அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை. என் நோட்டில் அதற்குமேல் எதுவும் இல்லை. டீ மட்டும் வந்தது. அப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: “சார், இந்த நாப்பது பேருக்கும் அரிசி யாருங்க சார் தர்றாங்க?”

முப்பது வருஷம் வரவு செலவு பார்த்தவன் நான். அந்தக் கேள்வி எனக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ என்றாலும் நாற்பது பேருக்கு இருபது கிலோ. மாதத்துக்கு அறுநூறு கிலோ, இருபத்தைந்து கிலோ சிப்பத்தில் இருபத்து நாலு சிப்பம். மலையில் விளைவது போதாது. சாமையும் கேழ்வரகும் மலைக்காரர்களுக்கே சரியாக இருக்கும். ஆக, கீழே ஒரு அரிசி மண்டிக்காரர் இருக்கிறார். மூட்டையை மேலே ஏற்றுகிற வண்டிக்காரர் இருக்கிறார். சோதனைச் சாவடியில் அந்த வண்டியைப் பார்க்காத மாதிரி இருக்க ஒரு சிப்பாய்க்குச் சம்பளம் போகிறது. பதிலுக்கு மலையிலிருந்து ஏதோ இறங்குகிறது. தலைவன் செத்தாலும் இந்த மூன்று பேரும் அடுத்த நாளும் கடை திறப்பார்கள். அந்த வாரமே ஒற்றைக்கண்ணனைக் கிழித்துப் போட்டேன்.

நுழையக் கூடாத நிலத்தில் நடக்கும் இந்த மாதிரிக் கதைகளுக்கு உலக அளவில் பெரியப்பா ஒருவர் உண்டு. ரஷ்யாவின் ஸ்துருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972-இல் வெளியிட்ட ‘ரோட்சைட் பிக்னிக்’ என்ற நாவல். அதிலிருந்து தார்கோவ்ஸ்கி 1979-இல் ‘ஸ்டாக்கர்’ படத்தை எடுத்தார். ஏழு வருஷம் கழித்து செர்னோபில் வெடித்தது. சுற்றிலும் 30 கிலோமீட்டரைத் தடை வலயம் ஆக்கினார்கள். அப்புறம் வந்த கம்ப்யூட்டர் கேம்களில் எல்லாம் ஒரே காட்சிதான்: காலியான ஊர், துருப்பிடித்த ராட்டினம், முகமூடி போட்ட தனி மனிதன். ஆனால் அந்த அணுமின் நிலையத்தில் மிச்சமிருந்த உலைகள் 2000 டிசம்பர் வரைக்கும் ஓடின. தடை வலயத்துக்குள் பதினாலு வருஷம் ஷிப்டு போட்டு ஆட்கள் வேலைக்குப் போய் வந்தார்கள். வெளியேற்றிய கிழவிகள் சிலர் காட்டு வழியாகத் திரும்பி வந்து உருளைக்கிழங்கு நட்டார்கள். எனக்கு ராட்டினத்தைவிட அந்த ஷிப்டு பஸ்ஸில்தான் ஆர்வம்.

சரி, நம் மொழிக்கு வருவோம். இப்படிப்பட்ட இடத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ‘தடை வலயம்’ என்றான் ஒருவன். இலங்கைப் பத்திரிகை படிக்கிற ஒருவன் ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்றான். நான் ‘பாலை’ என்றேன், சிரித்தார்கள். பாலை என்றால் மணல், ஒட்டகம் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குப் பதிந்துபோய்விட்டது. சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையைப் பாருங்கள். பாலை என்று தனியாக ஒரு நிலம் அங்கே கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் கொள்ளும் வடிவம் அது. நிலம் அதே நிலம்தான், நிலைமை மாறுகிறது. மழை வந்தால் திரும்பவும் மாறும். தடை வலயத்துக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்த ஆங்கில விதிநூலிலும் பார்க்கவில்லை. அந்தப் பாலையில் யார் இருந்தார்கள்? வழிப்பறி செய்யும் ஆறலைகள்வர் இருந்தார்கள், எயினர் இருந்தார்கள், கொற்றவை இருந்தாள். அவர்கள் நடுவிலேயே வண்டி கட்டிக்கொண்டு உமணர் போனார்கள், உப்பு விற்க. பொருள் தேடப் போன தலைவனும் அதே வழியில்தான் போனான். அபாயமான வழி, ஆனால் ஆள் நடமாட்டம் உள்ள வழி.

அந்த உப்பு வண்டியை என் உலகத்தின் அச்சாணி ஆக்கிக்கொண்டேன். இந்த மலையில் காபி உண்டு, மிளகு உண்டு, பலா உண்டு, தண்ணீர் உண்டு. உப்பு இல்லை. எவ்வளவு பெரிய சண்டியரானாலும் உப்புக்குக் கீழே கை நீட்ட வேண்டும்.

இனி நிஜத்தில் நடந்த கதை. இந்த மலையடிவாரம் நிஜமாகவே ஒருமுறை இப்படிக் கிடந்திருக்கிறது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கை. திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. ஹைதர் அலியும் கம்பெனியும் முதலில் மோதியது 1767-இல். அதிலிருந்து இருபத்தைந்து வருஷத்தில் மூன்று போர். கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, ஓமலூர், சங்ககிரி, ஆத்தூர் என்று இந்தப் பக்கம் முழுக்கக் கோட்டை. படை வரும்போதெல்லாம் கோட்டைக்குள் இருப்பவன் மாறுவான், கோட்டைக்கு வெளியே இருப்பவன் மாட்டை ஓட்டிக்கொண்டு மலையேறுவான்.

கம்பெனி யாரை அனுப்பியது என்று பாருங்கள். கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக மன்றோ, கிரஹாம், மெக்லியாட். நாலு பேரும் பட்டாளத்துக்காரர்கள். ஊர் மொழி தெரியாத சிவில் அதிகாரிகள் மேல் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பட்டாளத்துக்காரர்கள் இங்கே வந்து செய்த வேலை கணக்கு எடுப்பது. எந்த வயல் யாருடையது, என்ன விளைகிறது, எந்தச் சாவடியில் எதற்கு எவ்வளவு வாங்குகிறார்கள்? ‘பாராமகால் ரிக்கார்ட்ஸ்’ என்று பிற்பாடு அச்சான தொகுதிகளில் மக்களைப் பற்றி ஒரு பகுதி, விளைபொருள் பற்றி ஒரு பகுதி, வரிகளைப் பற்றித் தனியாக ஒரு பகுதி. சென்னை மாகாணத்தில் பிறகு பரவிய, குடியானவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் முளை விட்டது. 1799-இல் அடுத்த போர் வந்தது. நடுவில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தில் ஒரு குடியானவனாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தை மாதம் கம்பெனிக்கு வரி கட்டிவிட்டீர்கள். அடுத்த தையில் திப்புவின் ஆள் வந்து ‘என் வரி எங்கே’ என்றால் என்ன காட்டுவீர்கள்? எனக்கு இதைவிடப் பெரிய பூதம், பிசாசு எதுவும் ஆட்டத்துக்குத் தேவைப்படவில்லை. என் பிள்ளைகளின் பாத்திரங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இரண்டு ரசீது வைத்திருப்பார்கள். எந்தச் சாவடியில் எதை எடுத்து நீட்டுவது என்பதுதான் சண்டை. தப்பான ரசீதை நீட்டி ஒரு பையன் மூன்று வாரம் சிறையில் கிடந்தான். நிஜத்தில் அவன் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், வசதியாகப் போயிற்று.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. துப்புக்கூலி. கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள். இரண்டு பேர். அந்த இருவருக்கும் மதுரைப் பக்கத்துப் பாட்டி இருப்பார் என்று நினைக்கிறேன்.

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் காவல் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஊருக்குக் காவல்காரர் உண்டு, பல ஊரைச் சேர்த்துத் திசைக்காவல் உண்டு. அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு. களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இது நல்ல முகம். மறு முகம் இது: காவலுக்குப் பங்கு தராத வீட்டில் மாடு காணாமல் போகும். மாட்டுக்காரர் தேடிக்கொண்டு அலைவார். ஒருவர் வந்து, ‘எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், துப்புச் சொல்வார்’ என்பார். துப்புக்கூலி கைமாறும். மறுநாள் காலையில் மாடு ஏதாவது ஓடைக்கரையில் கட்டிக் கிடக்கும். திருடியவர் யார்? யாரும் இல்லை. துப்புச் சொன்னவர் குற்றவாளியா? அவர் உதவி அல்லவா செய்தார்! கம்பெனி அரசு வந்து, போலீஸ் வந்து, சட்டம் வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கவும் இதை ஒழிக்கப் பார்த்தார்கள், லேசில் ஒழியவில்லை. இருக்காதா பின்னே? பழைய இலக்கணத்திலேயே இருக்கிறது: ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு நட்ட கல்லை தர்மபுரி, செங்கம் பக்கம் இன்றும் பார்க்கலாம். துப்புக்கூலி என்பது வெட்சியையும் கரந்தையையும் ஒரே கம்பெனியார் நடத்துவது.

இதை ஆட்டத்தில் வைத்துப் பாருங்கள். எதிரி யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. சுடுவதற்கு ஆள் இல்லை. துப்புச் சொல்கிறவர் மரியாதையானவர், வீட்டுக்கு வந்தால் மோர் கொடுப்பார். அவரை அடித்தால் மாடு வராது. பணம் கொடுத்தால் அடுத்த மாதமும் மாடு போகும். காவல் பங்கை ஒப்புக்கொண்டால் மாடு போகாது, ஆனால் இனி நீங்கள் அவர் ஆள். பக்கத்து ஊர் மாடு போகும்போது உங்கள் தொழுவத்தில் ஒரு ராத்திரி கட்டிவைக்கச் சொல்வார். நாலு வாரம் இந்த ஒரே ஒரு மாட்டை வைத்து ஆடினோம். பெயர் லட்சுமி. கடைசியில் கிடைத்தாளா என்று கேட்காதீர்கள்.

வெளிநாட்டு விதிநூல்களில் ‘சட்டமற்ற பகுதி’ என்று ஒரு தலைப்பு இருக்கும். அடியில் துப்பாக்கிப் பட்டியல். அது எழுதியவரின் சோம்பேறித்தனம் என்பது என் கட்சி. வசூல் இல்லாத இடம் என்று ஒன்றை நான் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. வசூல் இருந்தால் விகிதம் இருக்கும், விகிதம் இருந்தால் அதைப் பற்றித் தகராறு இருக்கும், தகராறு இருந்தால் தீர்த்துவைக்க ஒருவர் வருவார். அரசு இல்லாமல் இந்த மலையே இருந்திருக்கிறது அல்லவா? காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் மூவரும் ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்று மலையாளிப் பழங்குடியினர் தங்கள் கதையைச் சொல்வார்கள். (சேலத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இவர்கள் மலையை ஆள்வதால் மலையாளி, கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை.) இந்தச் சேர்வராயன் மலையில் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடு. ஊருக்குத் தலைவர், நாட்டுக்குத் தலைவர், பஞ்சாயத்து. தாசில்தார் ஏறி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இங்கே அபராதம் இருந்தது. என் ஆட்டத்திலும் மலையின் பழைய ஆட்கள் கதைக்கு ஓரமாகக் குடிசையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தீர்ப்பு சொல்கிறவர்கள் அவர்கள்.

வரைபடம் போடுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: ஊரில் ஆரம்பிக்காதீர்கள், கணவாயில் ஆரம்பியுங்கள். இந்த மலைக்கு மேற்கே தொப்பூர்க் கணவாய், சேலத்தையும் தர்மபுரியையும் சேர்க்கிறது. லாரி டிரைவர்களை இன்றைக்கும் மிரட்டுகிற இறக்கம். கிழக்கே மஞ்சவாடிக் கணவாய், அரூருக்குப் போகிற வழி. அந்தப் பக்கம் சித்தேரி மலை. இரண்டையும் பிடித்தவனுக்கு மலையைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. காபித் தோட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர், நல்ல பயிர்தான். ஆனால் காபிக்கொட்டையை வேகவைத்துச் சாப்பிட முடியாது. கணவாய் திறந்தால்தான் அது காசு. ஓமலூர் சுங்கச்சாவடியில் நிற்கும்போது எனக்கு அடிக்கடி இந்த நினைப்பு வரும். பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் சொல்ல மாட்டேன்.

கணவாய்க்கு அடுத்தது தண்ணீர். திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்தப் பக்கத்து மலைகளில் ஊறித் தெற்கே காவிரிக்குப் போகின்றன. வாணியாறு வடக்கே இறங்கித் தென்பெண்ணைக்குப் போகிறது. இரண்டு எதிரி அரசுகளும் கீழே குடிக்கிற தண்ணீர் நடுவில் இருக்கும் ‘யாருமற்ற’ மலையிலிருந்துதான் வருகிறது. பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு அனுப்பிய பள்ளங்கள் மேலே கிடக்கின்றன; ஒளிவதற்கு ஆகும். சேர்வராயன் கோயில் குகையில் சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதம் திருவிழா. அப்போது மூன்று நாள் யாரும் ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது என் ஆட்டத்து விதி, நான் சேர்த்தது. எல்லாக் கட்சிக்காரனும் ஒரே வரிசையில் நிற்பான். எங்கள் ஆட்டத்தில் நடந்த பெரிய துரோகங்கள் எல்லாம் அந்த வரிசையில் பேசி முடித்தவை.

பகடை பற்றி ஒரு வார்த்தை. கடையில் இருபது முகப் பகடை விற்கிறார்கள், பார்க்க அழகு. ஒவ்வொரு எண்ணும் விழ இருபதில் ஒரு வாய்ப்பு. அதிசயமும் அன்றாடமும் அதற்கு ஒன்றுதான். நான் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டைக்கு மாறிவிட்டேன். ஒரு கட்டைக்கு நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டை உருட்டினால் பதினாறு விதமாக விழும். அதில் மூன்று என்ற எண் நாலு விதத்தில் வரும்; இரண்டும் நாலும் மும்மூன்று; தாயம் என்கிற ஒன்றும் ஐந்தும் இரண்டிரண்டு; ஆறும், இரண்டு கட்டையும் வெறுமையானால் வரும் பன்னிரண்டும் ஒவ்வொன்றுதான். ஆக நாள்கள் பெரும்பாலும் சாதாரணமாகவே போகும். வண்டி வரும், வசூல் நடக்கும், மழை பெய்யும். எப்போதாவது பன்னிரண்டு விழும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம் என்பது நம் பாட்டிகளின் விதி. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்: விபரீதம் ஒன்று நடந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வரும். போர் முடிந்த ஊரின் நடப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதுவரை சிரித்துப் பேசியாயிற்று. என் வரைபடத்தில் நான் வைக்காத ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மஞ்சவாடி தாண்டி, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. கடத்தல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நூற்றுக்கணக்கில் ஊருக்குள் இறங்கினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்தார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். மிச்சமிருந்த ஜனங்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஊர் காலி. 1995-இல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் கொடுத்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நானும் அரசு ஊழியனாக இருந்தவன்தான். அந்த 215 பேரும் என்னைப் போலவே கையெழுத்துப் போட்டு, பயணப்படி எழுதிச் சம்பளம் வாங்கியவர்கள். அன்றைக்கு வாச்சாத்தியில் சட்டம் இல்லாமல் இல்லை. வேன் வேனாக வந்து இறங்கியது. இதை நினைத்த பிறகு என் ஆட்டத்தில் ‘கொள்ளைக்காரர் ஒரு பக்கம், சீருடைக்காரர் ஒரு பக்கம்’ என்று பிரிப்பதை விட்டுவிட்டேன். சீருடையும் வசூல் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் வாச்சாத்தியை ஆட்டத்துக்குள் கொண்டுவர மாட்டேன், பெயரை மாற்றிக்கூட. பாலியல் வன்முறை எங்கள் மேசையில் நடக்காது என்பதை முதல் நாளே எல்லாரும் சேர்ந்து எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பெண்களில் பலர் உயிரோடு இருக்கிறார்கள், பஸ் பிடித்தால் இங்கிருந்து போய்விடலாம். அவர்கள் பட்டதை நாம் ஞாயிற்றுக்கிழமை மாலை பகடை உருட்டித் தீர்மானிக்க வேண்டியதில்லை.

இலங்கையில் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கும் அப்படித்தான், அதையும் ஆட்டத்துக்குள் கொண்டுவர மாட்டேன். 1990 ஜூனில் ஜனங்கள் வெளியேறினார்கள். பலாலி, காங்கேசன்துறை, மயிலிட்டி எல்லாம் உயர் பாதுகாப்பு வலயம் ஆயின. 2009-இல் போர் முடிந்தும் வேலி போகவில்லை. உள்ளே காங்கேசன்துறைக் கடற்கரையில் ராணுவம் தங்கும் விடுதி நடத்தியது. மயிலிட்டி மீனவர்களுக்குத் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017-இல், இருபத்தேழு வருஷம் கழித்து. திரும்பிப் போனவர்கள் வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்தும் மரத்தை வைத்தும் அடையாளம் கண்டார்கள். தெற்கே முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலையில் நிறையப் பெண்கள், முழங்காலில் உட்கார்ந்து சாண் சாணாக மண்ணைச் சுரண்டினார்கள். நம் சேலம் மாவட்டத்து முகாம்களில் இன்றும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள்.

அப்படி ஒரு முகாமில் பிறந்த பையன் ஒருவன் எங்கள் மேசைக்கு வருவான். முதல் நாள் எல்லாரும் துப்பாக்கி, கத்தி, கயிறு என்று சாமான் பட்டியல் எழுதினார்கள். அவன் எழுதியது: வீட்டு உறுதி, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட டிசி, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். ‘உறுதி’ என்றால் நம் ஊரில் நிலப் பத்திரம். அவன் அம்மா அப்படித்தான் கொண்டு வந்தாராம். அதன் பிறகு எங்கள் விதிப்புத்தகத்தில் சாமான் பட்டியலின் முதல் வரி பிளாஸ்டிக் பை. மழையில் பை நனையாமல் காப்பாற்றத் தனியாகப் பகடை உருட்ட வேண்டும். துப்பாக்கியை அடமானம் வைத்தவர்கள் எங்கள் மேசையில் உண்டு, பையைத் தொலைத்தவர்கள் இதுவரை யாரும் இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோளோடு உட்கார்ந்துவிடுகிறேன். வெளியே மேசையில் பெரிய வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன், மலையின் உருவம் மட்டும் பென்சிலில் இருக்கிறது. இந்த மலை ஊர்க்காரர்கள் யாராவது வந்திருந்தால், உங்கள் ஊரில் எந்த அரசு வரைபடத்திலும் இல்லாத பாறைக்கும் ஊற்றுக்கும் மேட்டுக்கும் நீங்கள் சொல்கிற பெயரை அதில் எழுதிவிட்டுப் போங்கள். ஒற்றையடிப் பாதைகளை மட்டும் எழுத வேண்டாம். வாச்சாத்தியில் ஜனங்கள் தப்பித்தது அந்த மாதிரிப் பாதையில்தான். அது உங்களிடமே இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு ஆட்டம். தாயக்கட்டை என்னிடம் இருக்கிறது. ஐந்து பேர் வந்தால் போதும்.